மூன்றாம் தட்டு, மேற்குச் சுவர்

மார்ச் 4

அன்புள்ள தம்பி,

பார்சல் வந்து சேர்ந்தது. பிஸ்கட் டப்பாவில் கல்லைப் போட்டு அனுப்பினால் தபால்காரர் என்ன ஆவார் என்று யோசித்தாயா? "உங்க தம்பி குவாரியையே பேத்து அனுப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் தொப்பென்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். உன் மாமா வழக்கம்போல, "சீர்வரிசை வந்திருக்கு, எடுத்து உள்ள வை" என்றார்.

கேலியை விடு. நீ என்ன அனுப்பியிருக்கிறாய் என்று உனக்கே தெரியாது.

அந்த வெள்ளை மார்பிள் கல்லை வினிகரில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். வெள்ளை மட்டும் நுரைத்து நுரைத்துக் கரைந்தது. நடுவில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஏதோ மயிர் மாதிரி நின்றது. எங்கள் கண்ணாடிக் கடைப் பின்னறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் முன்பக்கம் போனதும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முப்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் பட்டு நூல் கற்றை! பச்சை ஓடிய வெள்ளை. ஒவ்வொரு நூலும் நுனியில் இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தது மறுபடி பிரிகிறது. இடுக்கியால் மெதுவாகத் தொட்டேன். ஒடியவில்லை, வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. பதினொரு வருடமாகப் படிகம் பார்க்கிறேன், கல் வளைந்து பார்த்ததில்லை. சாப்பிட மறந்துவிட்டேன்.

பெயர் இன்னும் தெரியவில்லை. புத்தகத்தில் தேட வேண்டும். அதற்குள் எனக்கு இன்னும் வேண்டும். ஏப்ரல் கடைசியில் எங்கள் படிகச் சங்கத்தின் கண்காட்சி. இதுவரை நான் படிகத்தை ஒட்டி வைத்த சின்னப் பெட்டிகளை எல்லாரும் நின்று பார்ப்பார்கள், பிறகு "கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்தத் தடவை நகர மாட்டார்கள்.

ஆகவே கவனமாகப் படி. மலையை அடுக்கடுக்காக வெட்டியிருக்கிறீர்களே, அதில் எந்தத் தட்டு, எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் தேதி, எல்லாவற்றையும் கடிதத்தில் எழுது. இடம் எழுதாத பெட்டியைச் சங்கத்தில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உன் கடிதத்தையே நான் பதிவாக வைத்துக்கொள்கிறேன். பொந்து தெரிந்தால் அதன் மேலுள்ள தூசியை வாயால் நன்றாக ஊதிப் பார். நூல் இருந்தால் பளபளக்கும். இருப்பதை மட்டும் அனுப்பு.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. கண்காட்சிச் சீட்டில் உங்கள் குவாரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் சங்கத்துப் பல் டாக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. இரண்டு வருடத்துக்கு முன்பு சாலை ஓரத்து மண் வெட்டில் நான் நீலப் படிகம் கண்டுபிடித்தேன், நேர்மையாக இடத்தை எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் இரண்டு கூலியாட்களோடும் கடப்பாரையோடும் போய் மேட்டையே வழித்துவிட்டார். நாற்பது பெட்டி செய்து வைத்தார். கேட்டால், "இடம் பொதுதானே, சிஸ்டர்?" என்றார். நான் பஸ்ஸில் போய்க் கைக்குட்டையில் கொண்டுவந்தது மூன்று துணுக்கு.

இந்தத் தடவை "பழைய காளவாய் மேடு" என்று எழுதப் போகிறேன். ஊருக்கு எதிர்ப்பக்கம், ஐம்பது கிலோமீட்டர். அங்கே போய்த் தோண்டட்டும்.

போனை இன்னுமா வாசலில் பிடுங்கி வைக்கிறார்கள்? என்ன கம்பெனியோ. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எப்போது வருவாய் என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

எழுதிக்கொள். மூன்றாம் தட்டு, மேற்குச் சுவர், தரையிலிருந்து என் தோள் உயரம். மார்ச் 17, செவ்வாய், காலை வேட்டுக்குப் பிறகு. போதுமா? ஜாதகம் கணிக்கிற மாதிரி கேட்கிறாய்.

போனைக் கேட்டிருந்தாய். யாரோ வேட்டு வெடிப்பதைப் படம் எடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வாசலிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தருவார்கள். மலைக்குக் கீழே சிக்னலும் இல்லை. வெறும் செங்கல்லைக் காதில் வைத்த மாதிரிதான். லாரி டிரைவர் நல்லவர், கடிதத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறார்.

நீ கேட்டபடி ஒரு டப்பா நிறைய அனுப்பியிருக்கிறேன். நானும் ரேடியோவும் சேர்ந்து பொறுக்கினோம். ரேடியோ என்றால் என்னோடு பாறையில் வேட்டுக்குத் துளை போடுகிறவன், பன்னிரண்டு வருடமாக இங்கேயே கிடக்கிறான். எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். என் பெயர் இங்கே வக்கீல். வந்த மூன்றாம் நாளே குடிதண்ணீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டதற்கு வைத்துவிட்டார்கள். பொந்துக்குப் பொந்து வாயை வைத்து ஊதினோம். பலூன் ஊதிய மாதிரி கன்னம் வலிக்கிறது. பஞ்சு பஞ்சாக முகத்திலேயே அடித்தது. "உங்கக்கா நம்மள நாதஸ்வரம் வாசிக்க வச்சுட்டாங்கடா" என்றான் ரேடியோ. அவனுக்கு ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இப்போதெல்லாம் மூன்று முறை இருமல் வருகிறது. பேட்டரி போன ரேடியோ என்று கிண்டல் செய்கிறார்கள்.

புழுதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் துளை போடும்போது ஒரு குழாயில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், புழுதி சேறாக வழிந்துவிடும். ஜனவரியில் அந்தப் பம்பைக் கழற்றிப் பாலிஷ் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யார் யார் வீட்டுக் குளியலறைக்கோ போகிற கல் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வேண்டுமாம். கல்லுக்குத் தண்ணீர், நமக்குப் புழுதி. மாலையில் எல்லாருக்கும் புருவம் நரைத்திருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுக்கொள்கிறோம்.

உன் பட்டு நூலை நான் வெறும் கண்ணால்தான் பார்த்தேன். சோப்பு நுரை காய்ந்த மாதிரி இருந்தது. இதற்கா சோறு தின்ன மறந்தாய்?

தம்பி


ஏப்ரல் 27

என் தங்கத் தம்பி,

முதல் பரிசு!

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நூலக மாடியில் மேஜை போட்டு, மேஜைக்கு ஒரு மைக்ராஸ்கோப்பாக வரிசையாக வைத்திருந்தார்கள். என் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. பல் டாக்டர் நான்கு தடவை வந்தார். நான்காவது தடவை கண்ணை எடுக்காமலேயே, "காளவாய் மேட்டுல எந்தப் பக்கம், சிஸ்டர்?" என்றார். "கிழக்குப் பக்கம்" என்றேன். வாய் கூசவே இல்லை.

இதைவிடப் பெரிய செய்தி: பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் காப்பாளர் வந்திருந்தார். என் எல்லாப் பெட்டிகளையும், ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டையும், ஒரே அலமாரியில் வைத்து மேலே என் பெயரை எழுதுகிறார்களாம். யோசித்துப் பார். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கடைக்கு வருகிறவர்கள் முன்னால் நிற்கிறவனுக்குத்தான் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளை யாரும் பார்த்ததில்லை. என் பெயர் சுவரில்.

பரிசு வாங்கிய பெட்டியை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உன் இரண்டாவது டப்பாவில் இருந்த துணுக்குதான். மொத்தப் பெட்டியே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே முழுக்கக் கறுப்பு அடித்து, நடுவில் ஊசி நட்டு, ஊசி முனையில் துளி பசை வைத்துக் கற்றையை நிறுத்தினேன். மூன்று நாள் பிடித்தது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன். இந்த நூல் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சுக்கு ஆகாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் மூடியையும் பசை போட்டு அடைத்துவிட்டேன். இனி யாராலும் திறக்க முடியாது.

இன்னும் ஒரு டப்பா அனுப்பு. வெளியூர்ச் சங்கங்களோடு மாற்றிக்கொள்ளலாம். இதைக் காட்டினால் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

உன் ரேடியோவுக்கும் என் நன்றியைச் சொல்.

அக்கா


மே 6

அக்கா,

உன் கடிதத்தை நாங்கள் தங்கும் ஷெட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நம் குவாரிக் கல்லுக்கு முதல் பரிசு என்றதும் கை தட்டினார்கள். ஒருத்தன் விசில்கூட அடித்தான். அதே வேகத்தில் அடுத்த பத்தியையும் படித்துவிட்டேன், என்ன படிக்கிறேன் என்று எனக்கே உறைப்பதற்குள்.

ரேடியோ கேட்டான்: "ஏ வக்கீலு, அந்த வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"உங்கக்கா ஒரு நகத்தளவு கல்லுக்கு ஜன்னல சாத்துறாங்க. மூக்க மூடிக்கிறாங்க. நாம ஊதினோமேடா, அது என்ன?"

விசில் அடித்தவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

அதன் பெயர் என்ன? உனக்கு எந்தத் தேதியில் தெரிந்தது? தேதி எழுதுவதுதான் உனக்குப் பழக்கமாயிற்றே, எழுது.

டப்பா வராது.

தம்பி


மே 12

தம்பி,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பெயர் ட்ரெமோலைட். கட்டையாக, ஒடிகிற மாதிரி வளர்ந்தால் சாதாரணக் கல். நூலாக வளர்ந்தால் அதைக் கல்நார் என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய், கூரைத் தகட்டில் போடுவது. அதே குடும்பம்தான், அதைவிடக் கெட்டது என்றுகூடச் சொல்கிறார்கள். மூச்சில் போனால் நுரையீரலில் குத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிடும். கரையாது. உடனே ஒன்றும் தெரியாது.

ஊதிப் பார் என்று உனக்கு எழுதியது மார்ச் 4. அப்போது எனக்குத் தெரியாது. இதை நீ நம்ப வேண்டும். புத்தகத்தில் பார்த்தது மார்ச் 10, மதியம். உன் இரண்டாவது டப்பாவுக்கு நீ கல் பொறுக்கியது மார்ச் 17. நடுவில் ஒரு வாரம் இருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் வந்து சேர்ந்திருக்கும்.

ஏன் போடவில்லை என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெயர் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் மற்றது மண்டையில் ஏறவில்லை. ஒரு துணுக்கால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுதினால் நீ அனுப்ப மாட்டாய் என்றும் நினைத்தேன். இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நீ பார்க்கிறது வேலை, நான் பார்க்கிறது படிகம் என்று இரண்டும் தனித்தனியாகவே என் தலையில் இருந்தன. முப்பது மடங்கில் பார்க்கிறபோது நூலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பக்கத்தில் ஆள் இருமினாலும் கேட்காது.

அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. உன் மாமா பஸ் டிப்போவில் சொல்லி வைக்கிறேன் என்கிறார். இந்த வாரமே கிளம்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நான் மட்டும் வந்துவிட்டால் சரியாகிவிடுமா? இங்கே அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம். உன் தம்பி ஒருத்தனைத்தான் உனக்குத் தெரியும் என்பதால் மற்ற அறுபத்தொரு பேருக்கும் நெஞ்சு இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பேர் போய் மேனேஜரிடம் கேட்டோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பம்பைத் திருப்பிக் கொடுங்கள், மாஸ்க் கொடுங்கள், மேற்குச் சுவரைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

"மார்பிள்ல என்னடா விஷம்? உங்கப்பன் வீட்டுத் தரையில மார்பிள் பாத்திருக்கானா?" என்றார்.

"எங்கப்பன் வீட்ல தரையே மண்ணு சார்" என்றேன்.

ஒரு பரிசோதனை அறிக்கையை எடுத்து வீசினார். சுண்ணாம்பு இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு, சிலிக்கா இவ்வளவு என்று எல்லாம் போட்டிருக்கிறது. நூலாக இருக்கிறதா கட்டையாக இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. பொடியாக அரைத்துவிட்டுச் சோதித்தால் எது நூல், எது கட்டை?

தொழிலாளர் ஆய்வாளருக்கு மனுப் போட்டோம். ஒரு மாதிரி நல்ல மனிதர்தான், நேரில் வந்தார். "சும்மா கல்நார் கல்நார்னா நான் என்னப்பா பண்றது? எங்க எடுத்தது, என்னிக்கு எடுத்தது, யாரு பாத்து சொன்னது, எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில். "இருக்கு சார்! எங்கக்கா கண்காட்சியில வச்சு முதல் பரிசு வாங்கியிருக்கு. சீட்டு ஒட்டி வச்சிருக்கு" என்றேன். மடையன்.

அவர் அங்கேயே ஆபீஸ் போனில் உங்கள் சங்கத்துக்குப் பேசினார். உங்கள் செயலாளரம்மா சீட்டைப் பார்த்துப் படித்தார்களாம்: பழைய காளவாய் மேடு.

நீ மார்ச்சிலும் ஏப்ரலிலும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன். பொய் எழுதிய நீயே போன கடிதத்தில் அதைச் சொல்லாதபோது எனக்கு எப்படி நினைவிருக்கும்?

ஆய்வாளர் போனை வைத்துவிட்டு, "உங்கக்காவே உனக்கு எதிரா எழுதி வச்சிருக்காங்களேப்பா" என்றார். மேனேஜர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். மறுநாள் மேற்குச் சுவரில் இரட்டை வேட்டு வைத்தார்கள். இடிந்ததையெல்லாம் தள்ளிப் பழைய குழியில் போட்டு மேலே மண் கொட்டிவிட்டார்கள். இப்போது அங்கே பால் மாதிரி வெள்ளைச் சுவர். என்னைத் துளை போடுவதிலிருந்து எடுத்துக் கிரஷர் வாயில் சாக்குப் பிடிக்க விட்டிருக்கிறார்கள். அங்கே புழுதி இதைவிட மூன்று பங்கு.

ஆகவே இந்த உலகத்தில் அந்த நார் பூட்டாமல் புதைக்காமல் இருப்பது உன்னிடம் மட்டும்தான். மனுவை ஆய்வாளர் இன்னும் தள்ளவில்லை. ஜூன் 24, புதன், காலை பதினொரு மணிக்கு ஆய்வாளர் ஆபீசில் விசாரணை. வந்து உண்மையைச் சொல்.

தம்பி


ஜூன் 9

தம்பி,

நீ கேட்பது என்னவென்று உனக்குப் புரியவில்லை.

சங்கத்தில் திருடினால்கூட மன்னிப்பார்கள். இடத்தைப் பொய்யாக எழுதினால் மன்னிக்க மாட்டார்கள். ஒரு சீட்டு பொய் என்றால் மிச்ச ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்றும் பொய் என்றுதான் கணக்கு. ஒவ்வொரு பெட்டியையும் நான் உண்மையாகத்தான் எழுதினேன். இந்த ஒன்றுதான். அதுவும் யாரால் எழுதினேன்? காரும் கடப்பாரையும் வைத்திருக்கிறவர்களால். அவர்களுக்கு முன்னால் போய் நான் கைகட்டி நிற்க வேண்டுமா? அருங்காட்சியகக்காரர் பெட்டிகளை அடுக்கிக் கொடுக்க ஜூலையில் அலமாரியை அனுப்புகிறேன் என்று கடிதம் போட்டிருக்கிறார்.

உன்னால் அந்தக் குழியிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க முடியாதா? சுவரின் வேறு பக்கத்தில் இருக்காதா? ஆய்வாளரைத் தனியாகப் பார்த்துச் சொன்னால் போதாதா? சங்கத்துக்குத் தெரியாமல் செய்ய ஏதாவது வழி இருக்கும். யோசி.

கல்யாணத்துக்கு முன்பு வீடு அப்பாவுடையது, இப்போது உன் மாமாவுடையது. கடை முதலாளியுடையது. மைக்ராஸ்கோப்கூட ஒரு டாக்டர் வேண்டாமென்று போட்டதை வாங்கியது. என் பெயரில் இருக்கிற ஒரே பொருள் அந்தப் பெட்டிகள்தான். அதைக் கொண்டுபோய்க் கொட்டு என்கிறாய்.

கோபப்படாதே. பதில் எழுது.

அக்கா


ஜூன் 14

அக்கா,

நேற்று ரேடியோவின் மனைவி வந்து அவனைக் கூட்டிப் போனாள். டெம்போ நிற்கிற இடம் ஷெட்டிலிருந்து இருபது எட்டு. அதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பம்பு வருவதற்கு முந்தைய வருடங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு வருடத்துப் புழுதி அது, நீ ஊதச் சொன்ன ஒரு நாளால் வந்ததில்லை. அந்தப் பழியை உன்மேல் போட மாட்டேன். ஆனால் அவன் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. இங்கே அவன் வேலை செய்ததாகவே எழுத்தில் கிடையாது, தினக்கூலி.

குழியில் துணுக்கு எடு என்கிறாய். அதற்கு முதலில் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். வந்து கற்றுக்கொடு.

உன் பெயரில் இருப்பது அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். எங்கள் பெயரில் இருப்பது ஆளுக்கு இரண்டு நுரையீரல். பத்திரமாக வைத்துக்கொள் உன் பெட்டிகளை.

இனி எழுத மாட்டேன்.

தம்பி


ஜூன் 22

தம்பி,

நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

நேற்று ஞாயிறு, சங்கக் கூட்டம். தேநீர் வருவதற்கு முன்பே எழுந்து சொல்லிவிட்டேன். தேநீர் வந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பெட்டி எண் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு காளவாய் மேட்டிலிருந்து வரவில்லை, சீட்டில் இருப்பது பொய், வேண்டுமென்றே எழுதினேன் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பேசியது பல் டாக்டர்தான். "சிஸ்டர், நான் அந்த மேட்டுல மூணு ஞாயித்துக்கிழமை தோண்டியிருக்கேன். முதுகு போச்சு" என்றார். நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். பிறகு யாரோ பின்வரிசையிலிருந்து, "அப்ப மிச்சதெல்லாம்?" என்றார்கள்.

"மிச்சமெல்லாம் நிஜம்."

"அத நாங்க எப்படிம்மா நம்பறது?"

செயலாளரம்மா பதிவேட்டை எடுத்து, என் பக்கங்களுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். முப்பத்தெட்டுப் பக்கம். அடிக்கோலை வைத்து, நிதானமாக, கோணாமல் போட்டார். அவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கூட்டத்துக்கு வந்திருந்த அருங்காட்சியகக் காப்பாளர் வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, அலமாரி இப்போதைக்கு வராது என்றார்.

அதற்குப் பிறகுதான் குவாரியைச் சொன்னேன். பம்பு, புழுதி, அறுபத்திரண்டு பேர், ரேடியோ. பல் டாக்டர் குனிந்து மேஜை மைக்ராஸ்கோப்பில் மறுபடி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அந்தக் குவாரி எங்க இருக்கு? எந்தப் பக்கச் சுவர்?" என்று கேட்டார்.

மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் வழி கேட்கிறார்! வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டப் போனேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். மார்ச்சில் நானும் இதைத்தான் கேட்டேன். எந்தத் தட்டு, எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம்.

மார்ச் 19 தேதியிட்ட உன் கடிதம் என்னிடம் இருக்கிறது, தபால் முத்திரை விழுந்த உறையோடு. செயலாளரம்மா அதைப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்று காலை ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். கடிதம் போதும், ஆனால் பதிவேட்டில் ஏறிய அந்த நாரையே அரசுப் பரிசோதனைக்கூடத்தில் பார்க்க வேண்டும், பெட்டியோடு வாங்க மாட்டார்கள் என்றார். மூடியை மதியம் கூடத்திலேயே, அவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு, நானே உடைத்தேன். கற்றை ஊசியிலிருந்து சரிந்து தாளில் விழுந்தது. அவர்கள் அதை இன்னும் சின்னதாகப் பிய்த்தார்கள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன்.

விசாரணை அன்று நீ பேசியதை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "அப்படியானா நீங்க ஒரு பொய் சொல்றவங்க, இல்லையா?" என்று மேனேஜரின் வக்கீல் கேட்டதற்கு, "ஆமா சார், அந்தப் பொய்யச் சொன்னது நான்தான், அதனாலதான் எது பொய்னு எனக்குத் தெரியும்" என்றாயே, அதை. வெளியே வந்து நீ டீ வாங்கிக் கொடுத்தாய். குடித்துவிட்டு, உன்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. மூன்றாம் தட்டை மூடியாயிற்று. மற்ற தட்டுகளில் தண்ணீர் விடாமல் துளை போடக்கூடாது. பம்பு திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் சேற்றில் புரண்ட எருமை மாதிரி இருக்கிறோம், ஆனால் புருவம் கறுப்பு. எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்காதே. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பாதிப்பேர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தியாடா வக்கீலு?" என்று நேற்று ஒருத்தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூச்சா சோறா என்று ஒருத்தனைக் கேட்க வைத்த கம்பெனிக்காரன் ஏசி அறையில் இருக்கிறான், அவனுக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள், கட்டிவிட்டுப் போவான்.

ரேடியோவைப் போய்ப் பார்த்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறான். அவன் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. விசாரணையில் அவன் பெயரை ஆய்வாளர் எழுதிக்கொண்டதைச் சொன்னேன். "முழுப் பேரா எழுதினாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கே மூன்று நிமிடம் இருமினான்.

ரேடியோ போக மிச்ச அறுபத்தொரு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்தொன்பது பேரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதில் இல்லை.

"உன் படம் சுத்தமா இருக்குப்பா" என்றார் டாக்டர். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "இப்போதைக்கு" என்றார். எவ்வளவு நாளில் தெரியும் என்று கேட்டேன். இருபது வருடம் ஆகலாம், முப்பதும் ஆகலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம் என்றார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதுவரை உன்மேல் கோபப்படவும் முடியாது, கோபப்படாமல் இருக்கவும் முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல்.

சனிக்கிழமை வருகிறேன். வேலை இல்லாத நாளில் இந்த ஷெட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும். வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிடு. சட்டையைக் கழற்றி அதில் முக்கிவிட்டு, தலையில் ஊற்றிக்கொண்டு, பிறகுதான் படி ஏறுவேன். புழுதி எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை உன் மகளை உள்ளே பிடித்து வை. என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், வேட்டியிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்வாள். விடாதே.

தம்பி